சொல்லுதக்கா

யாராவது பேச்சுக்கு நடுவே கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் எனக்கு இன்றும் பேச்சு காதில் ஏறாது. மனக்கணக்குப் போடுகிறவர்கள் அப்படித் தொடுவார்கள். ஜெபம் சொல்கிறவர்களும் தொடுவார்கள். அவர்களைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டைவிரல் எந்த விரலில் போய் நிற்கிறது என்று என் கண் பார்த்துவிடும். நடுவிரலில் நின்றுவிட்டால் அந்த வேளைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவர் ஒரு பெண். அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. ‘சொல்லுதக்கா’ என்பார்கள். சொல்லுகிற அக்கா.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், இலஞ்சிக்குப் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், அப்போது ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். டாக்டரம்மா வெள்ளைக்காரர். ‘வலி’, ‘மூச்சு’, ‘நாக்கை நீட்டு’ என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் தமிழில் சொல்வதுதான் அக்காவின் வேலை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவர். கல்யாணம் ஆகவில்லை. பாவூர்சத்திரம் பக்கம் சொந்த ஊர். அவரும் அவருடைய தாயாரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அவர் எனக்கு மூத்தவரா இளையவரா என்று கடைசிவரை தெரியாது. நான் அக்கா என்றேன். அவர் அண்ணாச்சி என்றார்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்ததற்கு மறு ஆண்டு, அதாவது 1957 ஆனியில், நான் முதன்முதலாக அங்கே போனேன். சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. என் மனைவிக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, மெட்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கண் இருட்டுகிறது என்றாள். நானும் அவளுடைய அம்மாவும் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நான் தென்காசியில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தேன். கைக்குக் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தை எல்லாம் விடாமல் படிக்கிறவன். டாக்டர் சொல்வது எனக்கு நேராகவே புரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டின் மேல் விழுகிற மழை மாதிரி அது ஒரே சத்தமாக இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. சாவு என்று பொருள்படும் சொல்.

டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அப்போதுதான் என் கண்ணில் பட்டார். ஒல்லியான உருவம், வெள்ளைச் சேலை, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய கொண்டை. வலது கையை இடுப்பு உயரத்தில் விரித்துப் பிடித்திருந்தார். டாக்டரம்மா பேசப் பேச, அவருடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது, நடுவிரலுக்குப் போனது, மோதிர விரல், சுண்டுவிரல் என்று நகர்ந்தது. டாக்டரம்மா பேசி நிறுத்தினார். அந்தப் பெண் பேசவில்லை. டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மாமியார் என் தோளைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

பிறகு கட்டைவிரல் சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கி வரத் தொடங்கியது. கூடவே தமிழ் வந்தது.

“உப்பில்லாமச் சாப்பிட்டு, இங்கனயே அசையாமப் படுத்துக் கெடந்து, ரத்தக் கொதிப்பு எறங்கிச்சுன்னா ரெண்டு உசிருக்கும் ஒண்ணும் வராது. எறங்கலைன்னா மாசம் நெறையறதுக்கு முன்னாலயே பிள்ளைய எடுக்கணும். எடுக்க விடலைன்னா தாய் செத்துப்போவா.”

“செத்துப்போவான்னு கூசாமச் சொல்லுதியே. பிள்ளத்தாச்சி உள்ள படுத்துக் கெடக்கா. நாக்கு வருதா ஒனக்கு?” என்றார் மாமியார்.

“கூசத்தான் செய்யுது ஆச்சி. டாக்டரம்மா அந்தச் சொல்லச் சொன்னாக, நான் சொல்லுதேன். அவுக சொல்லாதது எதையும் நான் சொல்லமாட்டேன்.”

அது எவ்வளவு உண்மை என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்தது. ‘பயப்படாதீங்க’ என்ற ஒரு வார்த்தையைக்கூட அவராகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நெஞ்சு வெடிக்க நிற்கிற ஒரு தகப்பனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குக் கோபம் வரும். டாக்டரம்மா சொன்னால் மட்டும் அவரும் சொல்வார். அதனால் அக்கா எப்போதாவது ‘பயப்படாதீங்க’ என்றால் வராந்தா முழுவதும் சத்தமாக மூச்சு விடும்.

வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். வராந்தாவில் நோயாளிகளின் வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் மகனுக்கு விஷக் காய்ச்சல் என்று வெகுநாளாக அங்கேயே கிடந்தார். அவர்தான் எனக்கு விரல் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

“அக்கா மொகத்தப் பாக்காதேயும் வே. மொகத்துல ஒண்ணும் கெடையாது. கையப் பாரும்.”

“கையில என்ன?”

“சுண்டுவெரல் வரைக்கும் போச்சுன்னா ஏதோ வழி இருக்குன்னு அர்த்தம். மோதிர வெரல்ல நின்னா ஊசி, மருந்து. நடுவெரல்ல நின்னுட்டா…” அவர் கையை விரித்துக் காட்டினார். “வண்டி பிடிக்க வேண்டியதுதான்.”

“உமக்கு இன்னைக்கு எது வே?”

“மோதிர வெரலு. நேத்தும் மோதிர வெரலுதான். இந்த மோதிரத்த வச்சு நான் என்ன கல்யாணமா கட்டப்போறேன்?”

எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே கதவைப் பார்த்துக்கொண்டோம். ஓர் ஆங்கில எழுத்துகூடத் தெரியாத அந்த மனிதர்கள், டாக்டரம்மாவின் வாக்கியம் நீளமா குட்டையா என்பதை ஒரு பெண்ணின் விரலில் படித்துக்கொண்டிருந்தார்கள். நீளமான வாக்கியத்துக்கு ஏங்கினார்கள். குட்டையான வாக்கியம் வந்தால் செத்துப் பிழைத்தார்கள்.

ஒருநாள் மாலை அக்கா மருந்துக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “டாக்டரம்மா சொல்லச் சொல்லவே நீங்களும் சொல்லிட்டு வரலாம்லா அக்கா? எதுக்கு அந்த நிறுத்தம்? கேக்குதவன் உசிரு போயிட்டு வருது.”

நான் பேசி முடித்த பிறகும் அவர் சற்றுப் பொறுத்தார். யாரிடம் பேசினாலும் அவர் வழக்கம் அது. குற்றாலம் பஸ்ஸில் கண்டக்டர், “எக்கா, எறங்குதியளா இல்லியா?” என்று கத்தினால்கூட, அவன் கத்தி முடித்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பஸ் அதற்குள் அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருக்கும்.

“அவுக பாஷையில முதல்ல ஆளு வரும் அண்ணாச்சி,” என்று ஆள்காட்டி விரலைத் தொட்டார். “அடுத்தாப்புல ஆளுக்கு நடக்கப் போறது வந்துரும்.” நடுவிரல். “எப்போ, எதுக்கு, என்ன செஞ்சா நடக்காது, இதெல்லாம் அதுக்குப் பொறவுதான் மெதுவா வரும். நம்ம பேச்சுல அதெல்லாம் முன்னால போயிரும். அடி கடைசிலதான் விழும். நான் அவுக கூடவே சொல்லிக்கிட்டு வந்தேன்னு வைங்க, அடி முதல்லயே விழுந்துரும்.”

“விழட்டுமே. மிச்சத்தையும் கேக்கத்தானே போறான்?”

“கேக்கலியே.”

குப்பியைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் பெண்டாட்டியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தானாம். வயிற்றில் சீழ் கட்டி, நினைவு தப்பிக் கிடந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து சொன்னது இதுதான்: இவளை இப்போது வீட்டுக்குக் கொண்டுபோனால் இவள் செத்துப்போவாள். ஆங்கிலத்தில் ‘இவள் செத்துப்போவாள்’ என்பது முன்னால் வந்துவிட்டது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே முதலில் சொல்லிவிட்டாள். வெளியே செத்த உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். உயிர் இருக்கும்போதே வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. பெண்டாட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வாக்கியத்தின் மிச்சம் வராந்தாவில் நின்றது. வண்டி போய்விட்டது.

“யாராவது பின்னால ஓடலியா?”

“ஓடினேன். இலஞ்சிக்குளம் வரைக்கும் ஓடினேன். அவன் மாட்ட அடிச்ச அடிக்கு என்னால எட்டிப் பிடிக்க முடியலை.”

சொல்லிக்கொண்டிருந்தவள் யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அந்தப் பொம்பளை என்ன ஆனா?”

“தெரியாது அண்ணாச்சி. ஊர் பேரும் தெரியாது, ஆள் பேரும் தெரியாது. கடையநல்லூர்ப் பக்கத்துலேருந்து யாரு வந்தாலும் மொகத்தப் பாக்கேன்.”

அதன் பிறகு ஆங்கிலப் புத்தகம் படிப்பதே எனக்கு வேறாகிவிட்டது. எழுவாய், பயனிலை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். ஆனால் கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் புத்தகத்தை விரித்தால், வினைச்சொல் வந்ததும் பயந்து நின்றுவிடுவேன். அதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்றோ ‘இல்லாவிட்டால்’ என்றோ ஏதாவது வருகிறதா என்று வாக்கியத்தின் வாலுக்கு ஓடுவேன். பல பக்கங்களில் வால்தான் தலையை மாற்றுகிறது. தமிழில் கடைசிச் சொல் வரும்வரை யாரும் சாவதில்லை. ஆங்கிலத்தில் ஆள் முன்னாலேயே செத்துப்போகிறான். காப்பாற்றுகிற சொல் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை. ஆடி பிறந்ததும் ஒரு காலையில் டாக்டரம்மா அவளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். வராந்தாவில் நானும் மாமியாரும் நின்றோம். காய்கறி வியாபாரி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மழை பெய்தது, விட்டது, திரும்பப் பெய்தது. கதவு திறந்தது. டாக்டரம்மா முகத்துத் துணியைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். நான் அக்காவின் கையைத்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரல். நடுவிரல். அங்கேயே நின்றது.

வியாபாரி என் புஜத்தைப் பிடித்துக்கொண்டார். அக்கா டாக்டரம்மாவின் வாயைப் பார்த்தபடி நின்றார். அந்த நிறுத்தத்தின்போது நான் என் மனைவியை எரித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, கொடியில் காய்கிற அவளுடைய சேலையைப் பார்த்துவிட்டேன்.

“பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு,” என்றார் அக்கா.

டாக்டரம்மா திரும்பவும் ஏதோ சொன்னார். அக்கா திரும்பவும் நிறுத்தினார். “தாயும் நல்லா இருக்கா.”

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “இதுக்குமா நிறுத்தணும்? பிள்ளை பொறந்துச்சுன்னு சொல்லுததுக்குமா?”

நான் முடிக்கும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னார்: “முடிஞ்சுதான்னு பாக்கணும்லா அண்ணாச்சி. சில நேரம் பின்னால ‘ஆனா’ன்னு ஒண்ணு வரும்.”

காய்கறி வியாபாரியின் மகன் ஆவணியில் வீட்டுக்குப் போனான். எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. நடுவிரல் செய்தி கேட்டுப் போனவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். செய்தியைச் சொன்ன வாயைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். தென்காசிச் சந்தையில் அக்கா வருவதைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப்போகிற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். பூக்காரி ஒருத்தி அவருக்குப் பூ அளந்து கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வீட்டுக்காரர் அந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்தார்.

என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, சாரல் சமயத்தில் குற்றாலத்தில் அக்காவைப் பார்த்தோம். பேரருவியில் பெண்கள் பக்கம் நெரிசலாக இருந்ததாம். அக்கா இறங்கியதும் கசமுசா என்று பேச்சு. ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். இன்னும் சிலர் நகர்ந்தார்கள். அக்கா தனியாக நின்று தலையைக் கொடுத்தார். என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“பாத்தியளா, ஊருக்கெல்லாம் ஒரு அருவி. எனக்குன்னு தனி அருவி,” என்று சிரித்தாராம் அக்கா.

கரையேறி வந்த என் மனைவிக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரா என்று கேட்டேன். “குளிரும்தான். அவுக மொகத்தப் பாத்தா பயமா இருக்கு. பாக்காம வந்தா அதவிடப் பயமா இருக்கு,” என்றாள்.

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். போகப் போக டாக்டரம்மாவின் பேச்சு எனக்குப் பிடிபட்டது. அக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, சத்தத்துக்குள்ளிருந்து சொற்கள் தனித்தனியாகக் கழன்று வந்தன. டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.

புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது 1964 மார்கழியில். அதற்கு முந்தின ஐப்பசியில் அக்கா படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. வெகுநாளாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஒல்லியான உடம்பு மேலும் ஒடுங்கி, போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவருடைய தாயார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா அத்தனை வருஷமும் வராந்தாவில் வந்துபோகிறவர்களோடு இருந்தவர். வெற்றிலை கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், அழுகிறவர்களோடு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலை நானும் என் மனைவியும் கஞ்சி கொண்டுபோயிருந்தோம். டாக்டரம்மா வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எப்போதும் பேசுவதற்கு முன் பக்கத்தில் நிற்கிற அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். அன்றும் பக்கத்தில் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு தாயாரைப் பார்த்துச் சொன்னார். சிறிய வாக்கியம். இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அது. சொல்லிவிட்டு, எடுத்துச் சொல்லும்படி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு ஆண்டுகளாகப் புரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட பேச்சு. வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்று தேடினேன்.

“நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி,” என்றார் அக்கா. “எங்க அம்மைக்கு நான் சொல்லுதேன்.”

சொல்லத் தொடங்கினார். என்றைக்கும் இல்லாதபடி நிறுத்தமே இல்லாமல் தொடங்கினார்.

“புது மருந்து வரவழைச்சு, அத ஒழுங்காக் குடிச்சுக்கிட்டு, தை பொறக்கற வரைக்கும் அலையாம இங்கனயே படுத்துக் கெடந்து, கஞ்சியும் பழமுமா உடம்பத் தேத்திக்கிட்டேன்னா, கட்டி தானா கரைஞ்சு…”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கஞ்சிச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தார்.

“டாக்டரம்மா அத்தனை பேசலியேட்டி,” என்றார்.

அக்கா நிறுத்திவிட்டார்.

“கைய வெளிய எடு.”

“குளுருதும்மா.”

“எடுட்டி.”

போர்வையின் ஓரம் அசைந்தது. வலது கை மெதுவாக வெளியே வந்து விரிப்பின் மேல் கிடந்தது. எலும்பும் நரம்புமாக இருந்தது. கட்டைவிரல் நடுவிரலைத் தொட்டபடி நின்றிருந்தது.

அந்த அம்மா அதைப் பார்த்தார். அழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டரம்மாவுக்கு எதிரே போய் நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.